சட்டம் கேளுங்கள்: மத்தியும் மாகாணமும் மோதினால் எந்த நீதிமன்றம்?

கேள்வி: மாகாண சபையின் அதிகாரத்தில் மத்திய அரசு கைவைத்தால், சபை நேரே உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா? இந்தியாவில் மாநிலங்கள் போடுகின்றனவே.
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இந்திய அரசியலமைப்பின் 131ஆம் உறுப்புரை அந்த வழக்கை நேரே உச்ச நீதிமன்றத்திடம் கொடுக்கிறது. நமது இலங்கை அரசியலமைப்பில், நமது அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்கு அப்படி அதிகாரம் தரும் உறுப்புரை இல்லை. மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தத்தின் பெருங்குறைகளில் இதுவும் ஒன்று.

நமக்குள்ள பலமான வழி, சட்டமூலம் சட்டமாவதற்கு முன்பே தடுப்பது. மாகாண சபை நிரலில் (சபைகளுக்கு ஒதுக்கிய விடயங்களின் பட்டியலில்) உள்ள விடயமென்றால், பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறுமுன் ஜனாதிபதி அந்தச் சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளின் கருத்துக்கும் அனுப்ப வேண்டும். ஒரேயொரு சபை உடன்படாவிட்டாலும், அந்த மாகாணத்துக்கும் அது பொருந்தப் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மை தேவை. அனுப்பாமல் விட்டால் எந்தப் பிரஜையும் 121ஆம் உறுப்புரையின் கீழ் மனுச் செய்யலாம். 2012இல் வாழ்வாதார அபிவிருத்திக்கான திவிநெகும சட்டமூலத்தைச் சபைகளுக்கு அனுப்பியே ஆகவேண்டுமென்று உயர் நீதிமன்றம் சொன்னது இப்படி வந்த மனுக்களில்தான். 2017 செப்டெம்பரில் கலைந்த கிழக்குச் சபைக்குப் பல வருடமாகத் தேர்தல் நடக்காததால், பிரஜையின் மனுவே நமக்கு அதிகம் உதவும்.

மனுவுக்கான அவகாசம் மிகக் குறுகியது. சட்டமாகிவிட்டால் 80(3)இன்படி அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. வர்த்தமானியில் வந்த அன்றே வாசித்துவிடுங்கள்.

கேள்வி: அரச காணியை விட்டு வெளியேறும்படி அறிவித்தல் வந்திருக்கிறது. காணி மாகாண சபை நிரலில் இருக்கிறதே, கல்முனை மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். மாகாண மேல் நீதிமன்றத்தின் எழுத்தாணை (ரிட்) அதிகாரம் மாகாண சபை நிரலிலுள்ள விடயங்களுக்கு மட்டுமே. 2013.09.26இல் சோலைமுத்து ராசு வழக்கில், அரச காணி மீதான அதிகாரம் மத்தியிடமே இருப்பதாகவும், இப்படிப்பட்ட அறிவித்தலுக்கு எதிராக அங்கே எழுத்தாணை கேட்க முடியாதென்றும் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு மாகாணத்தின் காணி அதிகாரத்தை வெறும் பெயரளவாக்கிவிட்டது என்பது என் கருத்து. ஆனாலும் அதுவே இன்று சட்டம். கல்முனையில் போட்டால் நியாயாதிக்கம் இல்லையென்ற ஆட்சேபனை முதல் நாளே எழும், மாதங்கள் வீணாகும்.

நீங்கள் போகவேண்டியது கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம், 140ஆம் உறுப்புரையின் கீழ். தாமதித்தால் அதையே காரணம் காட்டி மனுவைத் தள்ளலாம். அரச காணியை மீளப்பெறுவதற்கான 1979இன் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அறிவித்தலாயின் வெளியேறக் குறைந்தது 30 நாள் தந்திருக்க வேண்டும், திகதியைச் சரிபாருங்கள். நீங்கள் வெளியேறாவிட்டால் விடயம் நீதவான் முன் போகும். அங்கே எடுபடுவது, இன்னும் வலுவிலுள்ள அனுமதிப்பத்திரம் அல்லது அரசின் வேறு எழுத்து அதிகாரம் மட்டுமே. எத்தனை வருடம் குடியிருந்தீர்கள் என்பது அங்கே வாதமாகாது. பத்திரத்தின் மூலப்பிரதியை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.