முழங்கால் வலியோடு பிராக்

கேள்வி: மகன் ஜெர்மனியில் இருக்கிறான். அங்கிருந்து இரண்டு நாள் செக் நாட்டுத் தலைநகரான பிராக் போய்வரலாம் என்கிறான். எனக்கு முழங்கால் வலி. அந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது? கிளம்பலாமா?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: தாராளமாகக் கிளம்புங்கள் அம்மா. பழைய நகரத் தெருக்களெல்லாம் கல் பாவியவை. செருப்பு வேண்டாம், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டை மலைமேல் இருக்கிறது. படியேறித்தான் போகவேண்டும் என்று மகன் அடம்பிடித்தால் அவனை மட்டும் அனுப்புங்கள். 22ஆம் எண் டிராம் உங்களைக் கோட்டைப் பக்கமே இறக்கிவிடும். காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, சிறு மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். கையில் புத்தம்புது டிக்கெட்டை வைத்துக்கொண்டே அபராதம் கட்டியவன் நான்.

உள்ளே செயின்ட் விடஸ் தேவாலயம். 1344இல் ஆரம்பித்து 1929இல் முடித்தார்கள். இனி உங்கள் வீட்டுக் கொத்தனாரைத் திட்டாதீர்கள்!

எனக்குப் பிடித்தது பழைய அரண்மனையின் ஒரு ஜன்னல். 1618 மே 23 அன்று, கொதித்துப்போன புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், பேரரசரின் கத்தோலிக்க அதிகாரிகள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் அந்த அறையிலிருந்து வெளியே தூக்கிப் போட்டார்கள். மூவருமே பிழைத்தார்கள். மாதா தாங்கிப் பிடித்தாள் என்றது ஒரு கட்சி. குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது இன்னொரு கட்சி. அதைத் தொட்டு மூண்ட போர் 30 ஆண்டு நடந்தது. செயலருக்கு மட்டும் பிற்பாடு பிரபுப் பட்டம் கிடைத்தது, அதுவும் ‘உயர வீழ்ச்சி’ என்று பொருள்படும் பெயரோடு. பேரரசருக்குக் குசும்பு இருந்திருக்கிறது.

1410இல் செய்த வானியல் கடிகாரத்தின் முன்னால் மணிக்கொரு தரம் கூட்டம் சேரும். எலும்புக்கூடு பொம்மை மணியடிக்கும், இயேசுவின் சீடர்கள் வரிசையாகத் தலைகாட்டுவார்கள், சேவல் கூவும், அவ்வளவுதான். மேலே பார்த்தாலும் கை பையின் மேல் இருக்கட்டும்.

சார்லஸ் பாலத்துக்கு விடிகாலையில் போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் போனால் 30 சிலைகளையும் மனிதத் தலைகளுக்கு நடுவில் தேட வேண்டியிருக்கும்.

அப்புறம், பிங்காஸ் யூத ஆலயம். நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களைச் சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே அவசரப்பட வேண்டாம்.

1348இல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகமும் பழைய நகரத்தில்தான் இருக்கிறது. தமிழறிஞர் கமில் சுவெலபில் பிறந்த ஊர் இது. அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் தமிழ் சொல்லிக்கொடுத்தார். வாசலில் நின்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.