டிஷர்ட்ல இருந்த சூரியன்

சார் வணக்கம்,

நான் ஒரகடம் பக்கம் ஒரு கொரியன் கம்பெனில குவாலிட்டில இருக்கேன், கார் பார்ட்ஸ் பண்றோம். ஆறு வருஷமாச்சு. போன மாசம் ஒரு சனிக்கிழமை, லீவு நாள்தானேன்னு யூனிபார்ம் போடாம போனேன், ஆன்லைன்ல வாங்குன ஒரு டிஷர்ட், நடுவுல சிவப்பு சூரியன், அதுலேருந்து நாலா பக்கமும் கதிர் போற மாதிரி டிசைன். எங்க கொரியன் மேனேஜர் தங்கமான மனுஷன், லைன் நின்னாக்கூட கத்த மாட்டார். என்னைப் பாத்ததும் முகமே மாறிடுச்சு. ஒண்ணும் பேசல. பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டோர்ஸ்லேருந்து புது யூனிபார்ம் சட்டை ஒண்ணை அவரே எடுத்துட்டு வந்து என் டேபிள்ல வச்சுட்டுப் போயிட்டார். டிரான்ஸ்லேட்டர் பொண்ணுதான் அப்புறம் சொல்லுச்சு, சார் அது ஜப்பான் கொடி, ஏன் போட்டீங்கன்னு.

எனக்கு சங்கடமாத்தான் இருந்துச்சு, ஆனா புரியவும் இல்ல. போர் முடிஞ்சு எண்பது வருஷமாச்சு. நம்மளையும்தான் வெள்ளைக்காரன் இருநூறு வருஷம் ஆண்டான், யூனியன் ஜாக் போட்ட டிஷர்ட்டுக்கு இங்க யாரும் மூஞ்சிய தூக்குறதில்ல. ஜப்பான் மன்னிப்பும் கேட்டாச்சு, பணமும் குடுத்தாச்சுன்னு படிச்சேன். இதே மேனேஜர் போன தீபாவளி லீவுக்கு குடும்பத்தோட ஒசாகா போயிட்டு வந்து எங்களுக்கெல்லாம் சாக்லேட் குடுத்தார். அப்ப இது என்ன கோபம் சார்? அந்த டிஷர்ட்டை என்ன பண்றது?

எஸ்., ஒரகடம்

*

அன்புள்ள எஸ்.,

முதல்ல கொடி. ஜப்பானோட தேசியக் கொடின்னா வெள்ளையில ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். கதிர் போட்ட கொடி வேற, அது ராணுவக் கொடி. தரைப்படை 1870லேருந்தும் கடற்படை 1889லேருந்தும் வச்சிருந்தது, ஆசியா பூரா எந்த ஊருக்குள்ள நுழைஞ்சாலும் அவங்க தூக்கிட்டுப் போனது அதைத்தான். இன்னைக்கும் ஜப்பான் கடற்படைக் கப்பல்ல அதுதான் பறக்குது. 2018ல ஜேஜு தீவுல நடந்த கப்பல் அணிவகுப்புக்கு, அந்தக் கொடி வேணாமேன்னு கொரியா கேட்டுச்சு, அப்படின்னா நாங்க வரலன்னு ஜப்பான் ஒதுங்கிடுச்சு. ரெண்டு அரசாங்கமே முறைச்சுக்கிட்ட கொடிய நீங்க நெஞ்சுல போட்டுட்டு போயிருக்கீங்க, அந்த மனுஷன் சத்தம் போடாம சட்டை எடுத்துக் குடுத்திருக்கார். நல்ல மேனேஜர், விட்டுடாதீங்க.

இருநூறு வருஷம் கணக்குக்கு வருவோம். கொரியாவை ஜப்பான் ஆண்டது 1910லேருந்து 1945 வரைக்கும், 35 வருஷம்தான். ஆனா வெள்ளைக்காரன் உங்க கொள்ளுத்தாத்தாகிட்ட வந்து, முனுசாமி, நாளையிலேருந்து உன் பேரு வில்லியம்னு சொல்லல. இவங்க சொன்னாங்க. 1940ல குடும்பப் பேரையே ஜப்பான் பேரா மாத்திப் பதியணும்னு உத்தரவு, பேருக்குத்தான் விருப்பம், மாத்தலன்னா பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன்லேருந்து எல்லாத்துலயும் இடைஞ்சல், ஆறே மாசத்துல பத்துல எட்டு குடும்பம் மாத்திடுச்சு. முன்னோர் பேரை தலைமுறை தலைமுறையா ஏடு போட்டு எழுதி வச்சு கும்புடுற ஜனம் அது. ஸ்கூல்ல கொரிய மொழிய அதுக்கு முன்னாடியே ஓரங்கட்டியாச்சு.

இதை எனக்குப் புரிய வச்சது ஒரு ஓட்டக்காரர். 1936 பெர்லின் ஒலிம்பிக், மாரத்தான்ல தங்கம் சோன் கீ ஜங், வெண்கலம் நாம் சுங் யோங், ரெண்டு பேருமே கொரியாக்காரங்க, ஓடுனது ஜப்பான் பனியன்ல, ரெக்கார்டுல சோனோட பேரு 'கிதேய் சோன்'. அந்த மேடை போட்டோவை தேடிப் பாருங்க. ஜெயிச்சவன் முகமாவா இருக்கு அது? ரெண்டு பேரும் தலையக் குனிஞ்சு நிக்கிறாங்க. தங்கம் வாங்குனவருக்கு மட்டும் ஒரு ஓக் மரக்கன்னு தொட்டியில குடுத்திருந்தாங்க, சோன் அதை நெஞ்சோட சேத்துப் பிடிச்சு ஜப்பான் கொடிய மறைச்சிருக்கார். நாமுக்கு மறைக்க ஒண்ணும் இல்ல. அவர்மேல எனக்குப் பொறாமை தங்கத்துக்காக இல்ல, அந்தச் செடிக்காகன்னு நாம் பின்னாடி சொன்னதா கொரியாவுல சொல்லுவாங்க. ஆட்டோகிராப் கேட்டவங்களுக்கு சோன் கொரிய எழுத்துலதான் கையெழுத்து போட்டார். சியோல்ல டோங்-ஆ இல்போ பத்திரிகை, போட்டோவுல இருந்த கொடிய அழிச்சுட்டு படத்தைப் போட்டுச்சு, அதுக்கு ஆளுங்க ஜெயிலுக்குப் போனாங்க, பத்திரிகைய மாசக்கணக்கா மூடிட்டாங்க.

அப்புறம் 1992, பார்சிலோனா. மாரத்தான் கடைசில மோன்ஜுயிக் மலை ஏத்தத்துல ரெண்டே பேர், ஒருத்தர் ஜப்பானோட மொரிஷிதா, ஒருத்தர் கொரியாவோட ஹ்வாங் யோங் ஜோ. ஹ்வாங் பிச்சுக்கிட்டுப் போயி தங்கம். தேதி ஆகஸ்ட் 9, சோன் ஓடுன அதே தேதி, சோன் கிட்டத்தட்ட 80 வயசுல ஸ்டேடியத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தார். சினிமாவுல வச்சா ஓவர்னு சொல்லுவோம். ஒலிம்பிக் கணக்குல அந்த பெர்லின் தங்கம் இன்னைக்கும் ஜப்பான் பேர்லதான் இருக்கு.

ஜாலியன்வாலா பாக் எழுதியிருந்தா நானே சேத்துக்கிட்டிருப்பேன், நீங்க எழுதல. 1919 ஏப்ரல் 13 அது. ரெண்டே நாள் தள்ளி ஏப்ரல் 15, சியோலுக்குத் தெற்க ஜேஆம்-ரின்னு ஒரு கிராமத்துல ஜப்பான் ராணுவக்காரங்க ஆம்பளைங்களை சர்ச்சுக்குள்ள கூப்பிட்டு, கதவ சாத்தி, சுட்டு, தீ வச்சுட்டாங்க. பிரிட்டன் நமக்கு இன்னைய வரைக்கும் முறையா மன்னிப்பு கேக்கல, 2019ல வருத்தம்னு சொன்னதோட சரி. நாம பெருசா எடுத்துக்கலன்றது நம்ம பெருந்தன்மையா மறதியான்னு எனக்கு சந்தேகம் உண்டு, அது இருக்கட்டும்.

இப்ப நீங்க கேட்ட முக்கியமான கேள்வி, மன்னிப்பும் பணமும். நீங்க படிச்சது பொய் இல்ல. 1993 கோனோ அறிக்கை, 1995 முராயாமா அறிக்கை, 1998ல பிரதமர் ஒபுச்சி சொன்னது, எல்லாமே நெஜமான மன்னிப்புதான், அதை இல்லன்னு சொல்ற கொரியாக்காரங்களோட நான் சண்டை போட்டிருக்கேன். ஆனா 2007ல பிரதமர் அபே, போர் சமயத்துல ராணுவத்துக்காகப் பொண்ணுங்களைக் கட்டாயப்படுத்தி இழுத்துட்டுப் போனதுக்கு ஆதாரம் இல்லன்னார், 2013ல யசுகுனி கோயிலுக்கே போனார், போர்க்குற்றவாளின்னு விசாரணைக்கு நிறுத்துன பெருந்தலைங்க 14 பேரை 1978ல ரகசியமா சேத்து வச்சிருக்கிற கோயில் அது. முன் வாசல்ல கும்பிட்டுட்டு பின் வாசல்ல போய் சிரிச்சா எப்படி இருக்கும்?

பணம் கதை இன்னும் மோசம். நம்ம ஊர்ல நடக்குமே, பூர்வீகச் சொத்து கேஸ்ல அண்ணன் மட்டும் போயி எதிர்பார்ட்டியோட பேசி, தங்கச்சி பங்குக்கும் சேத்து கையெழுத்து போட்டு காசை வாங்கி மாடி வீடு கட்டிடுவான், பின்னாடி தங்கச்சி வந்து கேட்டா எதிர்பார்ட்டி பத்திரத்தை நீட்டுவான், அண்ணன், வீடு நல்லாத்தானே இருக்கும்பான். 1965 ஒப்பந்தம் அதேதான். அண்ணன் யாருன்னா பார்க் சுங் ஹீ, ஆட்சியப் பிடிச்ச ஜெனரல், இளவயசுல ஜப்பான் கட்டுப்பாட்டு மஞ்சூரியப் படையில ஆபீசரா இருந்தவர். 30 கோடி டாலர் இனாம், 20 கோடி டாலர் கடன், எல்லா கணக்கும் 'முழுமையா, இறுதியா' முடிஞ்சதுன்னு எழுத்து. இது வேணாம்னு பசங்க ரோட்டுக்கு வந்ததுக்கு முந்தின வருஷமே ராணுவச் சட்டம் போட்டு அடக்கியாச்சு. அந்தக் காசுலதான் போஹாங் ஸ்டீல் பிளான்ட், ஹைவே எல்லாம் வந்துச்சு, நாடு எழுந்துச்சு, அதையும் மறுக்க முடியாது. போர் சமயத்துல ஜப்பான் கட்டாய வேலைக்குக் கொண்டு போயி, சுரங்கத்துலயும் உலையிலயும் மாட்டுனவங்களுக்கு? 1975க்கு அப்புறம், செத்தவங்க குடும்பத்துக்கு மட்டும் தலைக்கு 3 லட்சம் வொன். உயிரோட திரும்பி வந்தவனுக்கு ஒண்ணுமில்ல.

2018 அக்டோபர்ல கொரிய சுப்ரீம் கோர்ட், ஜப்பான் ஸ்டீல் கம்பெனி தலைக்கு 10 கோடி வொன் குடுக்கணும்னு தீர்ப்பு சொன்னது இதுக்குத்தான். கேஸ் போட்டது நாலு பேர். தீர்ப்பு அன்னைக்கு உயிரோட இருந்தது ஒருத்தர், 94 வயசு, கூட கேஸ் போட்டவங்க எல்லாம் போயிட்டாங்கன்னே அன்னைக்குத்தான் அவருக்குத் தெரியுது, கோர்ட் வாசல்ல அழுதார். அடுத்த வருஷம் ஜப்பான் சிப் செய்ற கெமிக்கல் மூணுக்கு ஏற்றுமதி கெடுபிடி போட, இவங்க ஜப்பான் பீர், யூனிக்ளோ துணி எல்லாத்தையும் ஒதுக்க, பெரிய ரகளை. 2023ல ஒரு வழியா பணம் குடுக்க முடிவாச்சு, குடுத்தது யாரு தெரியுமா, கொரிய அரசாங்கத்தோட ஒரு ஃபவுண்டேஷன், அதுக்கு 400 கோடி வொன் போட்டது போஹாங்ல கட்டுன அதே ஸ்டீல் கம்பெனி. மாடி வீட்டு வாடகைலேருந்து தங்கச்சிக்கு கொஞ்சம். எதிர்பார்ட்டி பைசா எடுக்கல.

பெண்கள் விஷயத்துலயும் இதேதான். ஜப்பான் ராணுவத்துக்குப் பாலியல் அடிமைகளாக் கொண்டு போன பொண்ணுங்க கதைய, 1991 ஆகஸ்ட்ல கிம் ஹாக் சுன்னு ஒரு பாட்டி பேரைச் சொல்லி, முகத்தைக் காட்டி சொல்ற வரைக்கும் கொரியாவுலயே யாரும் வாயத் திறக்கல. அவமானம்னு வீட்டுக்குள்ளயே அமுக்கி வச்சது அவங்க சமூகம்தான், அதுல ஜப்பானுக்கு பங்கில்ல. 2015ல ரெண்டு அரசாங்கமும் பேசி 100 கோடி யென், விஷயம் 'இறுதியா, திரும்ப எடுக்க முடியாதபடி' முடிஞ்சதுன்னாங்க, மறுபடியும் அதே வார்த்தை. மறுநாள் சமாதானம் சொல்ல வந்த துணை அமைச்சர்கிட்ட ஒரு பாட்டி எழுந்து, ஏன்யா முன்னாடியே எங்களைக் கேக்கலன்னு கத்துனதை டிவில காட்டுனாங்க. உயிரோட இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பணத்தை வாங்கிக்கிட்டாங்கன்றதையும் சொல்லணும், யாரும் அவங்களைக் குறை சொல்ல முடியாது. அவங்களுக்காகப் போராடுன அமைப்பு மேலயே 2020ல ஒரு பாட்டி காசு விஷயத்துல புகார் சொல்லி அது வேற கோர்ட்டுக்குப் போச்சு. சுத்தமான கதை எங்கயும் இல்ல.

2018 கடைசில சியோல் போனப்ப பழைய ஜப்பான் தூதரகம் எதிர்ல, இந்தப் பொண்ணுங்க ஞாபகமா வச்சிருக்கிற வெண்கலப் பொண்ணு சிலைய பாத்தேன். நாற்காலில உக்காந்திருக்கும், பக்கத்துல ஒரு காலி நாற்காலி. யாரோ கம்பளி மஃப்ளரும் தொப்பியும் போட்டு விட்டிருந்தாங்க, குளிருதாம். நான் பாத்துக்கிட்டே நின்னது காலை. செருப்பு இல்ல, குதிகால் ரெண்டும் தரையில படல, லேசா தூக்கியிருக்கு. ஊருக்குத் திரும்பி வந்தும் கால ஊனி நிக்க முடியலன்னு அர்த்தமாம். தரையில நிழல் மட்டும் கூன் போட்ட கிழவி நிழல்.

நம்ம ஆளுங்களுக்கு இது ஏன் உறைக்கலன்னா, நமக்கு ஜப்பான்னா நேதாஜி, வெள்ளைக்காரனை அடிச்சவன். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில எல்லாரையும் நிரபராதின்ன ஒரே நீதிபதி கல்கத்தாக்காரர் ராதா வினோத் பால், அவருக்கு அதே யசுகுனில நினைவுக்கல் இருக்கு. ஆனா மலாயா தோட்டத்துலேருந்து சயாம் மரண ரயிலுக்கு அள்ளிட்டுப் போன தமிழங்க ஆயிரக்கணக்குல செத்ததும் இதே ஜப்பான்கிட்டதான். அந்த லைன்ல போர்க்கைதி கேம்ப்ல காவல் நின்னு அடிச்சவங்கள்ல நிறைய பேர் கொரியப் பசங்க. போருக்கப்புறம் 148 கொரியாக்காரங்க போர்க்குற்றவாளி, 23 பேருக்கு தூக்கு. தண்டனைக்கு நீ ஜப்பான்காரன், மிச்சம் இருந்தவங்க பென்ஷன் கேட்டா நீ வெளிநாட்டுக்காரன்.

ஒசாகா சாக்லேட்ல முரண்பாடே இல்ல எஸ். 2024ல மட்டும் 88 லட்சம் கொரியாக்காரங்க ஜப்பான் போனாங்க, வேற எந்த நாட்டுலேருந்தும் அவ்வளவு பேர் போகல. ராமென் மேல கோபம் இல்ல, ராமென் கடைக்காரர் மேலயும் இல்ல. தன்னைக் கேக்காம தன் கணக்கை முடிச்சவங்க மேல இருக்கு, அதுல பாதி சொந்த ஊர்க்காரங்க மேல. ஜப்பானுக்கு ஒத்து ஊதுனவங்களுக்கு 'சின்இல்பா'ன்னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க, இன்னைக்கும் எலெக்ஷன்ல ஒருத்தரை ஒருத்தர் திட்ட அதைத்தான் எடுக்குறாங்க. அரசியல்வாதி அதைக் காசாக்குறான்றதும் உண்மைதான், ஓட்டு குறையறப்பெல்லாம் ஜப்பான் ஞாபகம் வரும்.

டிஷர்ட்டா? கம்பெனிக்கு வேணாம். வண்டி துடைக்க வச்சுக்கங்க. மேனேஜர்கிட்ட பெரிய விளக்கமெல்லாம் குடுக்க வேணாம், டீ டைம்ல சோன் கீ ஜங்ன்ற பேரை மட்டும் எடுத்து விடுங்க, மிச்சத்தை அவரே பேசுவார். என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க.