நாயின் வால் தொங்கினால்: கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி (பொள்ளாச்சி): எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை தோப்பிலுள்ள பம்புசெட் தொட்டியில் பகல் முழுவதும் நீந்தி விளையாடினான். மறுநாள் காலையில் எழுந்தபோது வால் செத்தது போலத் தொங்குகிறது, ஆட்டவே இல்லை. தொட்டால் முனகுகிறான். வால் முறிந்துவிட்டதா, ஐயா?

பதில்: நீங்கள் சொல்லும் வரிசையைப் பார்த்தால் முறிவைவிடத் தசைப்பிடிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘லிம்பர் டெயில்’ என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்த நிலை லாப்ரடார், பாயின்டர், பீகிள் போன்ற வேட்டை வழி இனங்களில்தான் மிகுதியாகக் காணப்படுகிறது. நீந்தும்போது நாய் தன் வாலைச் சுக்கான் போல ஓயாமல் பயன்படுத்துகிறது. பழக்கமில்லாமல் பல மணி நேரம் அப்படி உழைத்தால், வாலின் அடிப்பகுதியில் முள்ளெலும்புகளை ஒட்டி இறுக்கமாகப் பொதிந்திருக்கும் தசைகள் காயமுற்று வீங்கி, விரிய இடமில்லாததால் கடுமையாக வலிக்கின்றன. நீச்சல் மட்டுமே காரணம் என்றும் எண்ணிவிட வேண்டாம். குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவது, நெடுந்தூரப் பயணத்தில் சிறிய கூண்டுக்குள் அடைத்து வைப்பது, பல வாரம் சும்மா இருந்த நாயைத் திடீரென ஓட விடுவது ஆகியவற்றுக்குப் பிறகும் இது வருவதுண்டு.

வாலைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அடியிலிருந்தே நேராகத் தொங்கலாம். அல்லது நான்கைந்து விரற்கடை அளவு கிடைமட்டமாக நீண்டு, அதன்பின் தளர்ந்து விழலாம். அடிப்பகுதியின் மேற்புறத்தில் முடி சற்றுச் சிலிர்த்து நிற்பதும், நாய் நேராக உட்கார மறுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து அமர்வதும் இந்த நோயில் காணக்கூடிய அடையாளங்களே. இவற்றோடு அவன் வழக்கம்போல் சாப்பிட்டு, நன்றாக நடந்து, தடையின்றிச் சிறுநீரும் மலமும் கழித்தால் பதற வேண்டியதில்லை. ஆயினும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கதவிடுக்கில் சிக்கி எலும்பு முறிந்திருந்தாலும் வால் ஏறக்குறைய இப்படித்தான் தொங்கும், அதை எக்ஸ்ரேயில்தான் உறுதியாகப் பிரித்தறிய முடியும்.

கேள்வி (அதே வாசகர்): சரியாக எத்தனை நாளாகும்? வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாமா? பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், எண்ணெய் போட்டு உருவிச் சுளுக்கு எடுத்துவிடலாம் என்கிறார்.

பதில்: பெரும்பாலான நாய்கள் சில நாட்களில் தேறிவிடும், சிலவற்றுக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். அதுவரை ஓட்டமும் நீச்சலும் வேண்டாம். வீக்கமுற்ற தசையை உருவி இழுத்தால் காயம் பெருகும் என்பதால், பெரியவரின் கைப்பக்குவத்தை மனிதர்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாத்திரை விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாய்க்கு இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கக்கூடியவை. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலையும் இரத்தச் சிவப்பணுக்களையும் தாக்கும். நாய்க்கென மெலாக்ஸிகாம், கார்ப்ரோஃபென் போன்ற மருந்துகள் உள்ளன. மருத்துவர் எடையைப் பார்த்து அளவு குறித்துக் கொடுத்தால், உணவோடு கொடுங்கள். தோல் அரிப்புக்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு கொடுத்து வருபவர்கள் அதை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும், ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் இரைப்பை புண்ணாகும்.

கேள்வி (மதுரை): நாங்கள் சோறு வைக்கும் தெருநாயின் வால் மீது இருசக்கர வாகனம் ஏறிவிட்டது. இரண்டு நாளாக வாலில் அசைவே இல்லை. வலி இருப்பதாகத் தெரியவில்லை, ஆனால் படுத்த இடமெல்லாம் சிறுநீர் சொட்டி ஈரமாகிறது. தானாகச் சரியாகுமா?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தவுடனே நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். வலி இல்லாதது இங்கே நல்ல அறிகுறி அன்று. உணர்வு போய்விட்டது என்பதே அதன் பொருளாக இருக்கலாம். நாயின் தண்டுவடம் இடுப்புக்கு முன்பே முடிந்துவிட, அங்கிருந்து நரம்புகள் ஒரு கொத்தாகப் பின்னோக்கி இறங்குகின்றன. வாலுக்குப் போகும் நரம்புகளும், சிறுநீர்ப்பையையும் மலவாயையும் ஆளும் நரம்புகளும் அந்தக் கொத்திலேயே அருகருகே உள்ளன. வால் சக்கரத்தில் சிக்கி வேகமாக இழுபடும்போது அந்த நரம்புகள் வேரோடு இழுபட்டுச் சேதமடைகின்றன.

சிறுநீர் சொட்டுவதைப் பார்த்து, அது சிறுநீர் கழித்துக்கொண்டுதான் இருக்கிறது என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். உண்மையில் பை நிரம்பி வழிவதே அந்தச் சொட்டு. பலநாள் அப்படி விரிந்தே இருந்தால் பையின் தசை மீண்டும் சுருங்கும் திறனை இழந்துவிடும், கிருமித்தொற்றும் சேரும். மருத்துவர் பையைக் காலி செய்து, வாலடியிலும் மலவாயைச் சுற்றியும் உணர்வு இருக்கிறதா என்று சோதிப்பார். உணர்வு மிஞ்சியிருந்தால் தேறும் நம்பிக்கை கூடுதல். வால் மட்டும் செயலிழந்திருந்தால் அதை அகற்றிவிட்டு நாய் நன்றாக வாழலாம்.

கேள்வி (சென்னை): எங்கள் கிரேட் டேன் மகிழ்ச்சியில் வாலைச் சுவரில் அடித்து அடித்து நுனியில் இரத்தம் வருகிறது. கட்டுப் போட்டால் நிற்பதில்லை.

பதில்: வால் நுனியில் சதைப்பற்று குறைவு, தோலும் மெல்லியது, ஆகவே ஒருமுறை வெடித்தால் ஆறுமுன் அடுத்த அடி விழுகிறது. அடுக்குமாடி வீட்டின் குறுகிய நடைபாதையில் வாழும் பெரிய நாய்களுக்கு இது தீராத தொல்லை. புண்ணைச் சுத்தம் செய்து மெத்தென்று சுற்றி, அதன்மேல் இருபுறமும் திறந்த பிளாஸ்டிக் சிரிஞ்சுக் குழாயை உறைபோல மாட்டி, முடியோடு சேர்த்து ஒட்டுவதுண்டு. ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீர்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனி கறுத்து அழுகிவிடும். மாதக்கணக்கில் ஆறாவிட்டால் வாலைக் குட்டையாக்கும் அறுவை சிகிச்சைதான் வழி. புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால், அதன்மேல் பினாயிலோ பெட்ரோலோ ஊற்றாதீர்கள். புழுவோடு நாயும் விஷத்துக்கு உள்ளாகும்.

கேள்வி (திருச்சி): வால் தொங்கவில்லை, ஆனால் நாய் திரும்பித் திரும்பி வாலடியைக் கடிக்கிறது, தரையில் பின்பக்கத்தைத் தேய்த்து நகர்கிறது.

பதில்: மலவாயின் இருபுறமும், கடிகாரத்தில் நான்கும் எட்டும் உள்ள இடங்களில், இரண்டு சிறு சுரப்பிப் பைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் தேய்த்து நகரும், வாலைத் தூக்கவும் தயங்கும். கவனிக்காவிட்டால் சீழ் கட்டி வெளியே உடையும். வாலடிக்கு முன்புற முதுகில் முடி உதிர்ந்து சிவந்திருந்தால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையையும் சந்தேகியுங்கள். சீப்பால் வாரி, விழும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம்.

கேள்வி (சேலம்): பதினொரு வயது ஜெர்மன் ஷெப்பர்டு. சில மாதங்களாக வாலைத் தூக்குவதில்லை, காரில் ஏறத் தயங்குகிறது.

பதில்: மெல்ல மெல்ல வந்த தொங்கலைத் தசைப்பிடிப்பு என்று கொள்ள முடியாது. இந்த இனத்தில் கீழ்முதுகும் இடுப்பெலும்பும் சேருமிடத்தில் முதுகெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துவது அடிக்கடி காணப்படுகிறது. பின்னங்கால் நகங்கள் முன்பக்கம் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆண் நாயாக இருந்து கருத்தடை செய்யப்படாதிருந்தால் புராஸ்டேட் வீக்கத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர் மீண்டும்): வால் ஒன்பதாம் நாளில் நிமிர்ந்துவிட்டது, நன்றி. திரும்ப வருமா?

பதில்: சில நாய்களுக்கு வருகிறது. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தார் லாப்ரடார்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவில், வேலை செய்யும் நாய்களிலும் நீந்தும் நாய்களிலும் குளிர் மிகுந்த வடபகுதியில் வாழ்பவற்றிலும் இது கூடுதலாகத் தென்பட்டது. பாதிக்கப்பட்டவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடையவையாக இருந்ததால் மரபுக்கூறும் இருக்கலாம் என்று கருதினர். அதற்காக நீச்சலைத் தடுக்க வேண்டாம். முதல் வாரம் பத்து நிமிடம் என்று தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கரையேறியதும் வாலடியை நன்றாகத் துவட்டிவிடுங்கள்.