ஆறு கிராம் பறவைக்கு எதற்கு வளையம்?

கேள்வி: டொராண்டோவில் இலையுதிர் காலம் வந்தால் குருவி பிடித்துக் காலில் வளையம் மாட்டப் போவேன் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அத்தனை தூரம் பறக்க வேண்டிய ஜீவனை வலையில் சிக்க வைப்பது பாவமில்லையா ஐயா?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: முதல் வருடம் நானும் இதையேதான் கேட்டேன் அம்மா. அன்று என் கையில் கொடுத்தது பொன்முடிக் கிங்லெட் என்ற குட்டிக் குருவி. எடை ஆறு கிராம். இங்கே புழங்கும் ஒரு டாலர் காசும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் காசு உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொள்ளாது.

வளையத்தால் பயமில்லை. எண் பொறித்த அலுமினியத் துணுக்கு, தளர்ந்த கொலுசு மாதிரி காலில் சுழலும். ஆபத்தெல்லாம் வலையிலும் எங்கள் கையிலும்தான். பன்னிரண்டு மீட்டர் நீள நைலான் வலை, நூல் கண்ணுக்கே தெரியாது. விடிவதற்கு அரை மணி முன்பே விரிப்போம். அரை மணிக்கு ஒருமுறை சுற்றிவந்து பார்க்க வேண்டும். மழை வந்தால் சுருட்டிவிட வேண்டும்.

மூன்றாவது வாரம் ஒரு த்ரஷ் பறவையின் நாக்கில் நூல் மாட்டிக்கொண்டது. அதன் நாக்கின் வேர்ப்பக்கத்தில் பின்பக்கம் பார்த்த முட்கள் உண்டு. இழுக்க இழுக்கச் சிக்கல் கூடியது, என் விரல் நடுங்கியது. எங்கள் பொறுப்பாளர் அம்மாள் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, பல் குத்தும் குச்சியால் நூலைத் தள்ளிவிட்டார். பறந்துவிட்டது.

எல்லாமே பறப்பதில்லை. அமெரிக்கா, கனடாவின் 22 அமைப்புகளுடைய பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்றில், சிக்கியவற்றில் காயம்பட்டவை 0.59 சதவீதம், இறந்தவை 0.23 சதவீதம். ஆயிரத்துக்கு இரண்டு என்றால் சொற்பம்தான். அந்த இரண்டில் ஒன்றைக் கையில் வைத்திருந்தவனுக்கு அப்படித் தோன்றாது.

சரி, பிறகு ஏன் போகிறேன்? நான் வளையம் போட்ட குருவி தென் அமெரிக்காவில் அகப்பட்டது என்று கடிதம் வருமென்றா? சின்னப் பறவைகளில் அது குதிரைக்கொம்பு. என்னை இழுப்பது வேறு. நெஞ்சு இறகை வாயால் ஊதினால் அது விலகி, தொண்டைக்குழியில் கொழுப்பு தெரியும், உறைந்த நெய் போல மஞ்சளாக. பிளாக்போல் கதிர்க்குருவிக்கு வழக்கமான எடை 12 கிராம். இந்தப் பருவத்தில் தின்று தின்று இருமடங்குக்குப் பக்கத்தில் வரும். அட்லாண்டிக் கடல் மேல் இரண்டு மூன்று நாள் இறங்காமல் பறக்க வேண்டுமே! முதுகில் அரை கிராம் கருவி கட்டி அனுப்பி, 2,270 முதல் 2,770 கிலோமீட்டர் வரை ஒரே மூச்சில் பறப்பதை 2015ல் உறுதிப்படுத்தினார்கள்.

ஒரு செப்டம்பரில், திங்களன்று 12 கிராம் இருந்த குருவி வெள்ளியன்று மறுபடி சிக்கியது. எண்ணைப் பார்த்தோம், அதே குருவி. தராசில் 15 காட்டியது. ஏரிக்கரையில் யாரும் மதிக்காத அந்த நாணல் புதர் நாலு நாளில் அதற்குச் சோறு போட்டிருக்கிறது. வளையம் இல்லாவிட்டால் இது வேறு குருவி என்று நினைத்திருப்போம்.

அப்புறம், உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல வருடமாக வளையமிட்டு வருகிறார்கள். ஒரு காலை கிளம்பிப் போய்ப் பாருங்கள். வழியில் வளையத்தோடு செத்த பறவை ஏதும் கிடந்தால் எண்ணை எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள். உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்ற வேண்டாம்.