இசை கேள்வி–பதில்: பீத்தோவனின் ஓடையும் ஸ்டக்கியின் வசந்தமும்

பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியோடு அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவன் ஸ்டக்கியின் ‘சைலன்ட் ஸ்பிரிங்’கையும் சேர்த்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் சிம்பொனி இசைக்குழு வெளியிட்ட ஆல்பத்தைக் கேட்டேன். இருநூறு வருட இடைவெளி உள்ள இரண்டை ஏன் ஒரே தட்டில் போட்டார்கள்?
— வாசகர், திருச்சி

பூச்சிக்கொல்லிகளின் கேட்டை 1962-இல் இதே ‘சைலன்ட் ஸ்பிரிங்’ என்ற பெயரில் புத்தகமாக எழுதி உலகை உலுக்கிய ரேச்சல் கார்சன், பிட்ஸ்பர்க்கை அடுத்த ஸ்பிரிங்டேலில் பிறந்தவர். படித்த கல்லூரியும் பிட்ஸ்பர்க்கில்தான் இருக்கிறது. இன்று அது சாத்தம் பல்கலைக்கழகம். அந்தப் புத்தகத்தின் ஐம்பதாம் ஆண்டுக்காக அவ்வூர் இசைக்குழு ஸ்டக்கியிடம் கேட்டு வாங்கிய படைப்பு இது. 2012 பிப்ரவரியில் அரங்கேறியது. ஸ்டக்கி 2016-இல் காலமானார். மான்ஃப்ரெட் ஹோனெக் நடத்திய இந்தப் பதிவு 2022-இல் வந்தது.

இரண்டுக்கும் உறவு ஊரோடு நிற்கவில்லை. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் ஆறாவது சிம்பொனி அரங்கேறியபோது, இது காட்சியை வரைவதைவிட உணர்ச்சியைச் சொல்வது என்று பீத்தோவன் குறிப்பு எழுதினார். ஸ்டக்கியும் புத்தகத்தைக் கதையாகச் சொல்லவில்லை. கார்சனின் நான்கு தலைப்புகளை எடுத்துக்கொண்டு, நடுவில் நிறுத்தாமல் சுமார் 17 நிமிடம் ஓடும் ஒரே படைப்பாக்கினார். தட்டில் உள்ள வரிசையை மாற்றாமல் கேளுங்கள். பீத்தோவனில் பறவைகள் கூவக் கேட்ட காதுக்குத்தான் ஸ்டக்கியின் வெறுமை உறைக்கும்.

பீத்தோவன் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் குயில் கூவுகிறது என்கிறார்கள். எத்தனை முறை கேட்டும் பிடிபடவில்லை.
— வாசகி, தஞ்சாவூர்

நம்மூர்க் குயிலைத் தேடினால் பிடிபடாது. நம் குயில் ஒவ்வொரு கூவலிலும் குரலை மேலே ஏற்றிக்கொண்டே போகும். ஐரோப்பியக் குக்கூ மேலிருந்து கீழே இறங்கும்: இரண்டே சுரம், முதலாவது உயரம், அடுத்தது தாழ்வு. அந்தப் பகுதியின் ஆதார சுருதியைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால், அந்தர காந்தாரத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்குவது அது. இரண்டு கிளாரினெட்டுகள் சேர்ந்து வாசிக்கும்.

தேட வேண்டிய இடம் பகுதியின் கடைசி ஒரு நிமிடம். ஓடைபோல் சுருண்டு ஓடிக்கொண்டிருக்கும் தந்தி வாத்தியங்கள் சட்டென்று நின்றுவிடும். அந்த வெற்றிடத்தில் முதலில் புல்லாங்குழல்: ஒரே சுரத்தைத் தயங்கித் தயங்கித் தொட்டு, வேகம் கூட்டி, நடுக்கமாக நீளும். அது நைட்டிங்கேல். அதற்குள் ஓபோ என்ற ஊதுகுழல் ஒற்றைச் சுரத்தைத் தட்டுத் தட்டாக வைக்கும். அது காடை. பிறகு குக்கூ. மூன்றின் பெயரையும் பீத்தோவன் தன் கையாலேயே இசைக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வயலின்கள் ஒரு சிறு சொல் சொன்னதும் முழுவதும் இன்னொரு முறை வரும். முதல் தடவை தவறவிட்டால் இரண்டாம் தடவை நிச்சயம் கிடைக்கும்.

புயல் வரும் நான்காம் பகுதி என் போனில் ஒரே இரைச்சலாகக் கேட்கிறது. பதிவில் குறையா?
— வாசகர், சேலம்

பதிவில் குறை இல்லை. புயலின் அடித்தளம் செல்லோவிலும் டபுள் பாஸிலும் இருக்கிறது. இடி வெடிக்கும் இடத்தில் ஓர் அடிக்குள் செல்லோக்கள் ஐந்து சுரம் வாசிக்க, டபுள் பாஸ்கள் அதே அடிக்குள் நான்கு வாசிக்கும். கண்ட நடையும் சதுஸ்ர நடையும் ஒரே நேரத்தில் மோதினால் எப்படி இருக்குமோ, அப்படி. சுரம் தனியாகக் காதில் நிற்காமல் உருட்டலாக விழ வேண்டும் என்பதே நோக்கம். போன் ஸ்பீக்கரில் இந்தக் கீழ் ஒலிகள் ஏறக்குறைய வருவதே இல்லை. மேலே வயலின்களின் கீச்சு மட்டும் மிஞ்சி இரைச்சலாகிறது. காதை முழுக்க மூடும் ஹெட்போன், அல்லது ஐந்து அங்குலத்துக்குக் குறையாத கோன் உள்ள ஸ்பீக்கர் போதும்.

வால்யூமை முதல் பகுதியின் மென்மையான தொடக்கத்தைக் கேட்டு வைக்காதீர்கள். புயலைப் போட்டு, தாங்கக்கூடிய உச்சத்தில் வைத்துவிட்டு ஆரம்பத்துக்குப் போங்கள். டிம்பனி முரசு இந்தச் சிம்பொனியில் புயலில் மட்டுமே ஒலிக்கிறது, பிக்கலோ என்ற சின்னப் புல்லாங்குழலும் அப்படியே. மூன்று பகுதிகள் முரசே இல்லாமல் காத்திருந்துதான் அந்த முதல் இடியைப் பெறுகிறோம். ஆப் ஒவ்வொரு டிராக்கையும் ஒரே சத்தத்துக்குச் சமப்படுத்தினால் இந்த ஏற்பாடு முழுவதும் வீணாகும். செட்டிங்ஸில் நார்மலைஸ் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

மூன்று, நான்கு, ஐந்தாம் பகுதிகளுக்கு இடையே சின்னதாக ஒரு வெட்டு கேட்கிறது.
— வாசகர், மதுரை

அந்த மூன்றும் நிறுத்தாமல் தொடர்பவை. வெட்டு கேட்கக் கூடாது. எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் சிறிது மௌனம் ஒட்டிக்கொள்ளும். எல்லா பிளேயரும் அதை நீக்குவதில்லை. சிடியிலிருந்து எடுப்பதானால், ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக எடுங்கள். ஆப் என்றால் இடைவெளியின்றி ஓட்டும் கேப்லெஸ்ஸை இயக்கி, ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வையுங்கள். கிராஸ்ஃபேட் இருந்தால் மூன்றாம் பகுதியான கிராமத்து ஆட்டத்தின் கடைசி வீச்சின்மேல் புயலின் முதல் முணுமுணுப்பு ஏறி மறைந்துவிடும்.

இந்த ஆல்பம் ஹைப்ரிட் எஸ்ஏசிடி: உயர்தர எஸ்ஏசிடி பதிவும் சாதாரண சிடி பதிவும் ஒரே தட்டில். சாதாரண சிடி பிளேயரிலும் ஓடும், ஆனால் சிடி தரத்தில் மட்டும்.

வாத்தியத்தில் அல்லாமல் நிஜப் பறவைக் குரலையே சேர்த்த ஆர்க்கெஸ்ட்ரா இசை உண்டா?
— வாசகி, புதுச்சேரி

உண்டு. இத்தாலியின் ரெஸ்பிகி 1924-இல் ‘ரோமாபுரியின் பைன் மரங்கள்’ படைப்பின் மூன்றாம் பகுதி முடிவில் நைட்டிங்கேலின் இசைத்தட்டை ஒலிக்கவிட்டார். பின்லாந்தின் ரௌதவாரா 1972-இல் ‘கான்டஸ் ஆர்க்டிகஸ்’ முழுவதையும் வடபகுதிப் பறவைகளின் ஒலிநாடாவோடு எழுதினார். அதன் நடுப்பகுதியில் வானம்பாடி இனப் பறவை ஒன்றின் குரல் இரண்டு ஸ்தாயி கீழே இறக்கப்பட்டு, யாரும் கேட்டறியாத ஏதோ ஒரு பெரிய பறவைபோல் வரும். முதலில் அந்தப் பகுதியையே கேளுங்கள்.