அந்த மணலை விட்டுவிடுங்கள்

நண்பரே, அலுமினியம் வார்க்கப் பெசன்ட் நகர் மணலில் செய்த அச்சு, உள்ளே பதித்த மாதிரிப் பொருளை உருவும்போதே ஓரம் உதிர்கிறது, வார்ப்பிலும் ஊசித்துளை விழுகிறது என்கிறீர்கள். உதிராமல் என்ன செய்யும்? கடற்கரை மணலில் பிடிப்புக்குக் களிமண்ணே கிடையாது. உப்பு வேறு ஈரத்தை இழுக்கும்.

மெல்லிய சிலிக்கா மணலைச் சலித்து, எடையில் பத்தில் ஒரு பங்கு பெண்டோனைட்டை (பிடிப்புத் தரும் களிமண் தூள்) உலர்வாகவே கலந்துவிட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். ஒரு ராத்திரி மூடி வையுங்கள். (போர்வெல், பைலிங் சாமான் விற்பவர்களிடம் பெண்டோனைட் கேட்டுப் பாருங்கள்.) ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரல் தடம் பதியணும், உடைத்தால் பொலபொலவென்று கொட்டாமல் இரண்டாகணும், உள்ளங்கை நனையக் கூடாது. நனைந்தால் ஊசித்துளை நிச்சயம்: உருகிய அலுமினியம் நீராவியிலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும், இறுகும்போது அந்த வாயுதான் துளையாகும். 660 டிகிரியில் உருகுவதை 750-க்கு மேல் காய்ச்சினால் இன்னும் மோசம்.

மொட்டைமாடி சிமென்ட் தரைமேல் வைத்து ஊற்றவே ஊற்றாதீர்கள். சிந்தினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, தரை வெடித்துத் தெறிக்கும். கீழே உலர்ந்த மணலைக் கனமாகப் பரப்புங்கள்.