வேலியோரம் எருக்கு நிறைய இருக்கிறது. நார் எடுக்கலாமா? இலை குதிகால் வலிக்கு ஆகுமா?

இரண்டுக்கும் ஆகும். பச்சையாகப் பால் வடியும்போது மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

நாருக்குக் கட்டைவிரல் தடிமனில் நெட்டுக்க வளர்ந்த குச்சிதான் வேண்டும். அடித்தண்டின் பட்டை தக்கைபோல் பொரிந்திருக்கும், நார் துண்டுதுண்டாக வரும். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். இலையை உருவிவிட்டு ஒரு நாள் வெயிலில் போடுங்கள். பால் உறைந்து பட்டை வாடும். மறுநாள் மரச்சுத்தியால் தட்டிப் பட்டையை உரித்து, பச்சைத் தோலைச் சுரண்டினால் வெள்ளை இழைகள் பட்டுபோலப் பளபளக்கும். நாள்கணக்கில் காயவிட்டால் பட்டை கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். சணல், புளிச்சை பழக்கத்தில் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் பலர் கெடுக்கிறார்கள். எருக்கு நார் ஊறினால் நிறம் மங்கி வலு போய்விடும். வில்நாணுக்கும் தூண்டில் கயிற்றுக்கும் முறுக்கிய நார் இது, வீணாக்காதீர்கள். காய்ப்பஞ்சு வேறு: தலையணைக்கு அருமை, ஆனால் வழுக்கும், பருத்தி கலக்காமல் நூற்க வராது.

குதிகாலுக்குப் பழுத்து மஞ்சளான இலைதான். செங்கல்லைச் சூடாக்கி, மேலே நாலைந்து இலையை அடுக்கி, துணி போட்டு, பொறுக்கும் சூட்டில் குதிகாலை வைத்து எடுங்கள். பச்சை இலை வைத்தால் பால் பட்டுத் தோல் வெந்து கொப்புளிக்கும். சர்க்கரை நோயில் கால் மரத்தவர்களுக்கு இந்த ஒத்தடமே வேண்டாம். சுடுவது தெரியாமல் புண்ணாகிவிடும்.

"எருக்கம்பூவை அரைத்துக் குடி" என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இதயத்துடிப்பையே குலைக்கும் நஞ்சு அதில் இருக்கிறது. சித்த மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வைத்தியர் நஞ்சு முறியப் பக்குவப்படுத்தி அளவறிந்து கொடுப்பது வேறு, வேலியில் பறித்து விழுங்குவது வேறு.

வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பால் கண்ணில் தெறித்தால் பல நேரம் வலியே இருக்காது. சில மணி நேரம் கழித்துப் பார்வை புகைமூட்டமாகும். வலிக்கவில்லையே என்று படுத்துவிடாதீர்கள். தாய்ப்பால், எண்ணெய் எதையும் கண்ணில் ஊற்றாதீர்கள். உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.